ஒரு ஆளை வரைங்க

“இது ஓவியப் போட்டி இல்லைங்க. நல்லா வரையணும்னு அவசியமே இல்ல. ஒரு ஆளை வரைங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மனநலப் பிரிவு ஹெப்சிபா மேடம் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் ரப்பரையும் மேஜையில் என் பக்கம் தள்ளினார். கைப்பேசியில் மணி பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். பதினொன்று பத்து. பென்சில் எச்பி. எச்பியைக் கொடுத்து ஆள் வரையச் சொல்கிறார்களே, மெத்தென்று ஓடுகிற டூபி இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, நல்லவேளை விழுங்கினேன். கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். விண்ணப்பத்தில் வேலை என்ற கட்டத்தில் அரசு ஊழியர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. என்ன ஊழியம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேறொரு ஊரில், ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு துறையில் நான் ஓவியன். மாணவர்கள் படிப்பதற்காக மனித உடம்பை வரைந்து சுவரில் மாட்டுவது என் வேலை, ஒன்பது வருடமாக. இந்த அறையில் இருக்கிறவர்களிலேயே அதிகம் ஆட்களை வரைந்தவன் நான்தான், அறையில் இருப்பது இரண்டே பேர் என்பது வேறு விஷயம். நன்றாக வரைய அவசியமில்லை என்கிறார். நன்றாக வரையாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதே. குழந்தை மாதிரி வட்டமும் குச்சியுமாகப் போட்டால் நடிக்கிறான் என்று எழுதுவாரா? எலும்பு, தசை எல்லாம் அளவோடு போட்டால் வேறு ஏதாவது எழுதுவாரா? மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் தூக்கியது. இடது கையை அதன் மேல் வைத்தேன். கை வியர்த்திருந்தது, தாளில் ஈரம் பட்டது, அதையும் அவர் குறித்துக்கொள்வாரோ என்னவோ.

இந்தப் பரீட்சையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். நண்பன் செழியன் சொல்லியிருந்தான். இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து, இதே மாதிரி ஓர் ஆளை வரைந்து, கடிதம் வாங்கி, மார்பு அறுவை முடிந்து, இப்போது சட்டையில் மேல் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டுக்கொண்டு பைக்கில் போகிறவன். அவனும் என்னைப் போலத்தான். பெண் பிள்ளை என்று பெயர் வைத்து, பாவாடை கட்டிவிட்டு வளர்த்துவிட்டார்கள், உள்ளே இருப்பது ஆண் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். போனில் பாடமே எடுத்தான். “மாப்ள, ஆளை வரைன்னுதான் சொல்வாங்க. ஆம்பளையா பொம்பளையான்னு சொல்ல மாட்டாங்க. அதுலதான் இருக்கு சூட்சுமம். நீ முதல்ல யாரை வரையிறியோ அதுதான் நீன்னு எடுத்துக்குவாங்க. ஆம்பளையை வரை. பெருசா வரை. தாளுக்கு நடுவுல வரை. கையைப் பின்னாடி மறைக்காத. ரப்பரைத் தொடாத, தொட்டா மனசுல குழப்பம்னு அர்த்தம்.” எனக்குச் சிரிப்பு வந்தது அப்போது. ஒன்பது வருடம் ரப்பரோடு குடும்பம் நடத்தியவனிடம் ரப்பரைத் தொடாதே என்கிறான். இப்போது சிரிப்பு வரவில்லை. செழியன் எதையும் பைக் ஓட்டுகிற வேகத்தில் சொல்கிறவன், அவன் சொன்னதில் பாதி சரியா, கால்வாசி சரியா, யார் கண்டது. ஆனால் இந்த மனநலப் பிரிவு கடிதம் கொடுத்தால்தான் அறுவைப் பிரிவு தேதி கொடுக்கும், அது நிச்சயம். தேதி கிடைத்தால் இந்தப் பனியனைக் கழற்றிப் போடலாம். மார்பை அமுக்கிக் கட்டுகிற பனியன், காலை நாலரைக்கு மாட்டியது, விலாவில் தையல் ஓடுகிற இடத்தில் அரிக்கிறது, சொறிய முடியாது, சொறிந்தால் சொறிகிறான் என்று எழுதுவார். மூச்சை மேலாக மட்டும் விட்டுப் பழகிவிட்டேன். பதினான்கு வருடமாக முழு மூச்சு விட்டது குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும்தான். இதைச் சொன்னால் போதாதா? இதற்கு எதற்குப் படம்?

சரி, ஆணை வரைவோம். ஆணை வரைவதில் என்ன கஷ்டம், நான் வரைந்ததெல்லாம் ஆண்கள்தானே. எங்கள் துறையின் தாழ்வாரத்தில் இருபத்திரண்டு படங்கள் தொங்குகின்றன, இருபது ஆண், இரண்டு பெண். சேர்ந்த புதிதில் ஒரு தடவை பெண்ணுடம்பில் ரத்தக் குழாய்களைப் போட்டுக்கொண்டு போனேன், துறைத் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஆம்பளை உடம்பையே போடுப்பா, அதுதான் பொது. பொம்பளை உடம்பு அதுக்குன்னு தனியா இருக்கிற பாகத்துக்கு மட்டும் போதும்” என்றார். தனியாக இருக்கிற பாகம் என்றால் கருப்பை ஒன்று, மார்பு ஒன்று. அந்த மார்புப் படமும் நான் வரைந்ததுதான். நீளவாக்கில் வெட்டிய தோற்றம், பதினைந்திலிருந்து இருபது மடல்கள், பால் குழாய்கள், மஞ்சளாகக் கொழுப்பு. எல்லோரும் பாராட்டிய படம். அதை வரைந்த பத்து நாளும் பனியனை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தேன், எனக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல. இப்போதைய சங்கடம் அது இல்லை. சங்கடம் என் கை. ஓர் ஆள் என்று சொன்னதும் என் கை போடுவது ஒரே ஒரு நிலையைத்தான். நேராக நிற்பான், பாதங்கள் கொஞ்சம் விலகியிருக்கும், கைகள் உடம்பிலிருந்து தள்ளி, உள்ளங்கை இரண்டும் நம்மைப் பார்த்து விரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் இருக்காது. கண்ணில் மணி வைக்க மாட்டோம், மணி வைத்தால் மாணவன் கண்ணைப் பார்ப்பான், குடலைப் பார்க்க மாட்டான். துணி கிடையாது. வலது பக்கம் தோல், இடது பக்கம் தோலை உரித்துத் தசை. உலகத்தில் எந்த உடற்கூறு ஓவியனும் இப்படித்தான் வரைவான், இதுதான் எங்களுக்கு ஆள். மேடத்தின் புத்தகத்தில் இது என்னவாக இருக்கும்? விரித்த கை என்றால் கெஞ்சுகிறான். மணியில்லாத கண் என்றால் யாரையும் பார்க்க விருப்பமில்லை. துணியில்லை என்றால் அது தெரிந்ததே. தோலை உரித்தால் கேட்கவே வேண்டாம், கடிதத்துக்குப் பதில் வார்டில் படுக்கை கொடுத்துவிடுவார்கள்.

படுக்கை கொடுப்பது மூளை சரியில்லை என்றுதானே. மூளையைத்தான் பார்க்கப்போகிறார்கள் என்றால் நேராக மூளையையே பார்க்கலாமே என்று தோன்றியது, அதிலும் ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் காட்சிக் கூடத்தில் பார்மலின் ஜாடிகளில் பதினோரு மூளை இருக்கிறது. வருடா வருடம் புது மாணவர்கள் வந்ததும் துறைத் தலைவர் ஒன்றை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக் கேட்பார், ஆணா பெண்ணா சொல்லுங்கள் என்று. பையன்கள் பெரியதாக இருக்கிறது சார், ஆண் என்பார்கள். பெண் பிள்ளைகள் கண்ணில் நீர் வடிய, அது பார்மலின் நெடியால், மடிப்பு அதிகமாக இருக்கிறது சார், பெண் என்பார்கள். கடைசியில் அவர், “எனக்கும் தெரியாது, லேபிளைப் பாருங்க” என்று ஜாடியைக் காட்டுவார். கூடம் சிரிக்கும். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வண்ணம் கலந்துகொண்டிருப்பேன், நானும் சிரிப்பேன். மூளைப் படத்துக்காக அதைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். கையுறையைத் தாண்டிக் குளிர்ந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பேச்சு இங்கே, பார்வை பின்னால், கை அசைப்பது இந்த மேட்டில், எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. நான் ஆண் என்று எனக்குத் தெரிகிறதே, அதற்கு எந்த இடம்? ஒருநாள் பொதுவாகக் கேட்பது போல அவரிடமே கேட்டேன், சார், ஒரு ஆளுக்குத் தான் ஆணா பெண்ணான்னு எங்கேயிருந்து தெரியுது. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, “அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா, மாடிக்குப் போ” என்றார். மாடியில் மனநலப் பிரிவு. எங்கள் கல்லூரி மாடிக்குப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் மூன்று மணி நேரம் பஸ் ஏறி இந்த மாடிக்கு வந்திருக்கிறேன்.

“ஆரம்பிச்சாச்சா?” என்றார் மேடம். திட்டவில்லை, அவசரமும் படுத்தவில்லை, குரல் நல்ல குரல்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். கழுத்தில் மெல்லிசாக ஒரு சிலுவை. வெளியே பதினாறு பேர் காத்திருக்கிறார்கள், அவரும் காலையிலிருந்து தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. “யோசிக்கிறேன் மேடம்” என்றேன். “நிதானமா பண்ணுங்க” என்று சொல்லி நோட்டில் ஏதோ எழுதினார். யோசிக்கிறான் என்று எழுதியிருப்பார். ஆண் பிள்ளை யோசிக்காமல் வரைவானோ? இவரை யாராவது இப்படி உட்கார வைத்து வரையச் சொல்லியிருப்பார்களா, சொன்னால் முதலில் யாரை வரைவார்? பெண்ணையா? தாத்தாவை வரைந்தால் இவரை ஆண் என்று எழுதிவிடுவார்களா? கோபம் வந்தது. கோபம் எதற்கும் உதவாது, கோபப்பட்டால் கை நடுங்கும், நடுங்கின கோட்டைப் பார்த்து மன உறுதி இல்லை என்பார்கள். பென்சிலை எடுத்தேன். தாளின் நடுவில், செழியன் சொன்ன மாதிரி. தலைக்கு ஒரு முட்டை வட்டம், கழுத்து, தோள்பட்டை ஒரே கோடு. ஆண் தோள். மார்பின் விளிம்பு இரண்டு இழுப்பு. தட்டையான மார்பு, என்ன அழகான கோடு அது. எத்தனை நூறு தடவை போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் போடும்போது என் மேலேயே போட்டுக்கொள்வது போல இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை அந்த மார்பிலிருந்து தாளின் ஓரம் வரைக்கும் நேராக ஒரு கோட்டை இழுத்துவிட்டது. பாகத்தின் பெயர் எழுதுவதற்கான கோடு. ஒன்பது வருடப் பழக்கம், மார்புத் தசை என்று எழுதப் போயிருக்கிறது கை, எழுதுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திவிட்டேன். முகமில்லாத தலையோடு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், மார்பில் ஒரு கம்பியோடு அவன் நின்றான். ஈட்டியால் குத்தியது மாதிரி இருந்தது. ரப்பர் பக்கத்திலேயே இருந்தது. தொடக்கூடாது. தொடாமல் இதை எப்படிக் கொடுப்பது? “மேடம், வேற தாள் கிடைக்குமா?” என்றேன். கொடுத்தார். பழைய தாளை வாங்கித் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். எறிந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

போச்சு என்றுதான் முதலில் பட்டது. அப்புறம், போனால் என்ன, கடிதம் வந்தாலும் போச்சுதான் என்றும் பட்டது, ஏனென்றால் வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். குடும்பத்தில் ஒருவராவது கூட வர வேண்டும் என்று இங்கே சொல்லியிருந்தார்கள். நாலு வருடமாக என்னோடு சரியாகப் பேசாத அம்மா, முடியை வெட்டிக்கொண்டு மருதவாணன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றபோது கதவைச் சாத்திய அம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிற அம்மா, வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள். பழைய பெயரைச் சொல்ல அவளுக்கு இப்போது தைரியமில்லை, புதுப் பெயரைச் சொல்ல மனசில்லை, இந்தா என்றுதான் கூப்பிடுகிறாள். மன்னார்குடியில் பஸ் ஏறியதிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள், தஞ்சாவூர் தாண்டியதும் திரும்பிச் சொன்னாள். “இந்தா, இதைக் கேட்டுக்க. அந்த டாக்டரம்மா இது வியாதின்னு எழுதிக் குடுத்தாங்கன்னா, நீ நான் சொல்றதைக் கேக்கணும், இதையெல்லாம் விட்டுடணும். வியாதி இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா நீ சொல்றதை நான் கேக்குறேன். அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்.” நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? முப்பத்து மூன்று வயதுக்காரனுக்கு அம்மாவின் சம்மதம் எதற்கு என்று செழியன் கேட்பான். எனக்கு வேண்டும். அறுவை முடிந்து கண் விழிக்கும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். சரி என்று சொன்ன பிறகுதான், செங்கிப்பட்டி பக்கம் போகும்போது, செழியனுடைய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. கடிதத்தின் தலையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போட்டிருக்கும், நோய்களைப் பட்டியல் போட்ட புத்தகத்தில் வருகிற எண். நான் ஆண் என்று இவர்கள் எழுத வேண்டுமென்றால் எனக்கு நோய் என்று எழுத வேண்டும். நோய் என்று எழுதினால் அம்மா ஜெயித்துவிடுவாள். நோய் இல்லை என்று எழுதினால் அம்மா கேட்டுக்கொள்வாள், ஆனால் கடிதம் கிடையாது, தேதி கிடையாது. எப்படிப் போனாலும் இந்தப் பனியனோடுதான் வீடு திரும்ப வேண்டும். மாட்டிக்கொண்டேன் என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஓபி சீட்டு வாங்கி, ஒழுங்காக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊழியர் அம்மாள் வந்து மேடத்திடம் கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது கதவை முழுதாகச் சாத்தவில்லை. ஒரு சாண் இடைவெளியில் தாழ்வாரம் தெரிந்தது, பெஞ்சின் ஒரு முனை தெரிந்தது, அந்த முனையில் அம்மா தெரிந்தாள். முதலில் செருப்புதான் கண்ணில் பட்டது. இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வலது பாதத்தின் மேல் வைத்திருந்தாள். முழங்காலுக்கு மேல் என் மருத்துவக் கோப்பு, அதன் மேல் இரண்டு கையும். பெஞ்சில் சாய்ந்துகொள்ள இடம் இருந்தும் சாயவில்லை. முதுகு அரையடி முன்னால் நின்றது. கழுத்துத் தசை இங்கிருந்தே தெரிந்தது, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரைக்கும் இறங்குவது, அதன் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் பெயர் வரவில்லை, பென்சில் நகர்ந்துவிட்டது. முதுகின் வளைவு ஒரு கோடு. புடவை மடிப்பு இடுப்பில் விழுகிற இடம். இருபத்தெட்டு வருடம் சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்த வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், தாழ்த்தினேன். அந்தக் கூடத்தின் சுவரில்தான் நான் முதலில் வரைந்தேன், அடுப்புக் கரியால், ஏழு வயதில். சட்டை போட்டு மீசை வைத்த ஓர் ஆள். யாருடி இது என்றாள் அம்மா. நான்தான் என்றேன். ஈரத்துணியை எடுத்து வந்து மீசையை மட்டும் துடைத்தாள், மீதியை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் வெள்ளையடிக்கும்வரை அந்த ஆள் அங்கேயே மீசை இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம். இப்போது விரல்களுக்கு வந்துவிட்டேன். விரல் கஷ்டம், எலும்பு மேலே தெரியும் கிழட்டு விரல், கோப்பின் விளிம்பை அமுக்கிப் பிடித்ததில் நகம் வெளுத்திருந்தது. எச்பியால் வெளுப்பை எப்படிக் காட்டுவது, சுற்றிலும் அழுத்தி நகத்தை விட்டுவிட்டேன். ஒன்பது வருடத்தில் எத்தனை கை வரைந்தேன், எதுவும் எதையும் பிடித்திருக்கவில்லை, எல்லாம் விரித்துக்கொண்டு சும்மா நின்றவை. ரப்பரை எடுத்தேன், முழங்கையைத் திருத்தினேன், மறுபடி எடுத்தேன். கண்ணில் மணி வைத்தேன். பார்வை கதவுப் பக்கம்தான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் செழியன் ஞாபகம் வந்தது. பெண். ஓரத்தில். ரப்பரால் தேய்த்து. ஒன்று கூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் தப்பாகச் செய்துவிட்டேன்.

தாளைக் கொடுத்தேன். ஹெப்சிபா மேடம் வாங்கிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு திரும்பிக் கதவிடுக்கைப் பார்த்தார். “நீங்க ஆர்ட்டிஸ்டா?” என்றார். “ஆமா மேடம். உடற்கூறு துறையில.” “அதை முதல்லயே சொல்லியிருக்கணும்ல” என்றவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அப்புறம் நோட்டைத் திருப்பி, அச்சடித்த தாள் ஒன்றைப் பார்த்து வரிசையாகக் கேட்டார், எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள்தான் என்றார். “இவங்க யாரு?” அம்மா. “வயசு?” அறுபத்தொன்று. “ஆரோக்கியமா இருக்காங்களா?” முழங்கால் வலி, மற்றபடி நல்லா இருக்காங்க. “இப்ப என்ன செஞ்சுக்கிட்டிருக்காங்க?” உட்கார்ந்திருக்காங்க. “என்ன நினைச்சுக்கிட்டிருக்காங்க?” அவமானமாக இருக்கிறது என்று நினைக்கிறாள், பிள்ளை தொலைந்தது என்று நினைக்கிறாள், ஜெயித்துவிடுவோம் என்று நினைக்கிறாள், மூன்றும் நாக்கில் வந்தது, மூன்றும் நான் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது. வரைந்த கையைப் பார்த்தேன். அவமானப்பட்டவள் கோப்பை இப்படிப் பிடிப்பாளா? ஜெயிக்கப்போகிறவள் பிடிப்பாளா? எனக்குள் இருப்பதை யாரும் பார்க்கவில்லையே என்று பதினான்கு வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், இவளுக்குள் என்ன என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. “தெரியல மேடம்” என்றேன். “உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லலாம்.” “இல்ல மேடம், தோணுறதைச் சொல்ல வேணாம். வெளியிலதானே இருக்காங்க, கேட்டுட்டு வந்துடட்டுமா?” அச்சடித்த தாளில் அதற்கு வழி இல்லை போலிருக்கிறது, அதை ஒரு தடவை பார்த்தார். “போய்ட்டு வாங்க” என்றார்.

அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “முடிஞ்சுதா? என்னா சொன்னாங்க?” “இன்னும் முடியல. உக்காரு. உன்னை ஒண்ணு கேக்கணும்.” பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில்கூட நடுவில் பையை வைத்துக்கொண்டாள், இப்படி ஒட்டி உட்கார்ந்து நாலு வருடம் ஆகிறது. “இப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருந்தே?” “என்னத்தை நெனைக்கிறது” என்றாள். பிறகு கோப்பைத் தடவினாள். “இவங்க சரின்னுட்டா அறுப்பாங்கல்ல?” ஆமா என்றேன். “மயக்க ஊசி போட்டுத்தானே?” ஆமா. கோப்பை மறுபக்கம் திருப்பி வைத்தாள். “உன் பெரியம்மா வேதாம்பாள், போட்டோவுல இருக்காளே, காய்ச்சல் வந்து செத்தான்னு உன்கிட்ட சொல்லியிருக்கேன். காய்ச்சல் இல்ல. மூணாவது புள்ளை பொறந்து மூணு மாசம், பள்ளிக்கூடத்துல குடும்பக் கட்டுப்பாடு முகாம் போட்டாங்க. கொழந்தையை என் மடியில குடுத்துட்டு, அரை மணி நேரத்துல வந்துடுறேன்னுட்டுத்தான் உள்ள போனா. ஊசி போட்டாங்க. முழிக்கல. கொழந்தை பாலுக்கு அழுவுது, நான் வெளியில பெஞ்சில உக்காந்து ஆட்டிக்கிட்டே இருக்கேன், யாரும் வந்து சொல்லல எனக்கு. சாயங்காலம் வரைக்கும் யாரும் சொல்லல.” “அதான் பஸ்ஸுல அப்படிக் கேட்டியா?” என்றேன். “வேற எதுக்கு? வியாதின்னு எழுதினா மாத்திரை குடுப்பாங்க, முழுங்கிட்டு இருந்துடலாம். வியாதி இல்லைன்னா வெட்டத்தானே போறாங்க. நீ கேக்க மாட்டேன்னு தெரியும், ஏதாவது சொல்லிப் பாப்போம்னு சொன்னேன்.” கதவையே பார்த்துக்கொண்டு மேலே சொன்னாள். “மொதல்ல கோவம்தான் எனக்கு, இல்லைங்கல. ஊரு என்ன பேசுமோன்னு கதவைச் சாத்தினேன். அது ஒரு வருசம். அப்புறம் நீ எப்படி வேணா இரு, மீசை வச்சுக்க, தாடி வச்சுக்க, இருந்தா போதும்னு ஆயிடுச்சு. நீ இருக்கணும்.” அவள் கையைப் பிடித்தேன். அவள் அதை எடுக்கவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “ஊசி போடுற டாக்டர் யாரு? ஆம்பளையா பொம்பளையா, வயசானவரா, ஒண்ணும் தெரியாம உன்னை உள்ள அனுப்ப மாட்டேன். அவரு மொகத்தை நான் பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்” என்றாள்.

உள்ளே போனபோது மேடம் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டாவது வெள்ளைத் தாளைத் தயாராக வைத்திருந்தார், முதலில் பெண்ணை வரைந்தவன் அடுத்து ஓர் ஆணை வரைய வேண்டும், அதுதான் இந்தப் பரீட்சையின் முறை. “கேட்டீங்களா? என்ன நினைச்சுக்கிட்டிருக்காங்களாம்?” என்று பேனாவை எடுத்தார். “மயக்க ஊசி போடப்போற டாக்டரோட முகம் எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க மேடம்” என்றேன். அவர் எழுத ஆரம்பித்தார், முகம் என்ற இடத்தில் நிறுத்தினார், பேனாவை மூடினார். “அவர் ரெண்டாவது மாடியில இருப்பார், இப்ப போனா பாத்துடலாம்” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஆம்பளையை அப்புறம் வரைங்க. அம்மாவைக் கூப்பிடுங்க.”